கத்துகிற மாப்பிள்ளையை விசாரிக்கப் போனேன்

எங்கள் சொந்தபந்தங்களின் வாட்ஸப் குரூப்பில் காலை வணக்கமும், எந்த ஊரில் எத்தனை உழவு மழை என்ற விவரமும்தான் வழக்கமாக வரும். போன வைகாசியில் ஒரு வீடியோ வந்தது. முகத்தில் கரி பூசிய ஒரு தாடிக்காரன், தோளில் ஆட்டுத் தோலோடு, கிடாய்க் கொம்பு ஒன்றை வாயில் வைத்து ஊதினான். பிறகு கொம்பைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக் கத்தினான். பின்னால் நாலைந்து பேர் முடியைச் சுழற்றிக்கொண்டு கித்தார் வாசித்தார்கள். அனுப்பிய ஈரோட்டுச் சொந்தக்காரர் கீழே எழுதியிருந்தார்: "நம்ம மேகலா கட்டிக்கப் போற பையன் இவருங்களா?" எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தீ வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்போம்.

மேகலா என் தங்கை சரசுவின் ஒரே மகள். சரவணம்பட்டியில் படித்துவிட்டு நார்வேயில் கப்பல் பாகங்கள் வரைகிற வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஓலாவ் என்ற பையனைப் பிடித்திருக்கிறது, படகு எஞ்சின் மெக்கானிக், அமைதியானவன் என்று சொல்லியிருந்தாள். கொம்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஃபோன் போட்டுக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே மாமா" என்றாள்.

எங்களில் மாப்பிள்ளை விசாரிக்கப் போவது தாய்மாமன் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. யாரென்று சொல்லிக்கொள்ளாமல் பையனின் ஊரில் போய் இறங்க வேண்டும். டீக்கடை, சலூன், பக்கத்துத் தோட்டம் என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். பையனிடம் மட்டும் எதையும் கேட்கக் கூடாது. நல்ல இடமாக இருந்தால் ஊர்க்காரர்கள் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவார்கள். சரியில்லாத இடமாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "நல்லவங்கதானுங்க, நமக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க" என்பார்கள். அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்துவிட வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் பஸ் பிடிக்கவில்லை. சரசுவுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விசாரிக்கத் தாராபுரம் பக்கம் போனேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே அதே வார்த்தையைச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் ததும்பியது, தென்னை வரிசையாக நின்றது, மாப்பிள்ளை குரலை உயர்த்தாமல் அத்தனை தன்மையாகப் பேசினார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வெளியில் சத்தமே போடாத மச்சான் சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் வீட்டுக்குள் போட்டார். பிறகு கையும் ஓங்கினார். ஆறாம் வருஷம் சரசு மூன்று வயது மேகலாவோடு காங்கேயத்துக்குத் திரும்பி வந்தாள். மச்சான் இப்போது இல்லை. இத்தனை வருஷத்தில் சரசு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா சம்மதிக்காட்டி நான் கட்டிக்க மாட்டேனுங்க மாமா" என்று மேகலா சொல்லியிருந்தாள். சரசு, அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். நான் கிளம்பும்போது தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பையில் வைத்தபடி சரசு சொன்னாள்: "இந்தத் தடவ நல்லா விசாரிங்ணா."

எங்களில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுக்க மாட்டோம். கூட்டம் என்ன என்று கேட்கிற வேலை மட்டும் இந்தத் தடவை மிச்சம். பையனும் நாங்களும் ஒரே கூட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று பெரியவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

போவதற்கு முன் பாட்டைக் கேட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லி மேகலா ஒரு பட்டியல் அனுப்பினாள். எனக்கு லேத் பட்டறை. வேலை செய்துகொண்டே கேட்டேன். இதில் இரண்டு வகை. முதல் வகையில் பெரிய தோல் மேளம் நிதானமாக விழும், கொம்பு ஊதும், பத்துப் பதினைந்து ஆண்கள் அடிவயிற்றிலிருந்து 'ஓ' என்று இழுப்பார்கள். மிக மெதுவாக எங்கேயோ போவார்கள், போய்ச் சேர மாட்டார்கள். அதை ஓடவிட்டுப் பம்புசெட் ஷாஃப்ட் கடைந்தேன், ஒன்றும் பழுதாகவில்லை. இரண்டாவது வகைக்கு மெட்டல் என்று பெயர். அதே மெட்டுதான், ஆனால் பக்கத்தில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஒன்று ஓடும், அதில் யாரோ கை மாட்டிக்கொண்ட மாதிரி கத்துவார்கள். பையன் இரண்டாவது வகை.

முதல் நாள் மழை. நார்வேயின் மேற்குக் கரையில், கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கிற ஒரு சின்ன ஊர். காங்கேயத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை இவர்கள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, சாயங்காலம் புதிதாக ஆரம்பித்தார்கள். பையைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடந்தது. திரும்புகிற வரைக்கும் அதைக் கரண்டியால் வெட்டித்தான் எடுத்தோம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். இந்த ஊர்க் கோழிகள் எப்போது அடைகின்றன என்று கேட்டேன். மேகலாவுக்குத் தெரியவில்லை.

சாப்பாடு, அவித்த உருளைக்கிழங்கும் அவித்த மீனும். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் உண்டு என்று சொன்னார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சீஸை வழவழவென்று சீவி ரொட்டியில் வைத்தாள் மேகலா. திரட்டுப்பாலில் யாரோ தெரியாமல் உப்பைப் போட்டு, போட்டதை ஒத்துக்கொள்ளாமல் விட்ட ருசி. மூன்று சீவல் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் விசாரணையை ஆரம்பித்தேன். அந்த ஊரில் டீக்கடை இல்லை. மனிதர்கள் வேலையில்லாமல் நிற்கிற ஒரே இடம் பெட்ரோல் பங்க். அங்கேதான் காபியும் இருந்தது. கல்லாவில் இருந்த இளைஞரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மழையைப் பற்றிப் பேசினேன். அவர் ஜன்னலைப் பார்த்து, ஆமாம், மழைதான் என்றார். மெதுவாகத் திருப்பி, படகுத்துறையில் ஓலாவ் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாராமே, ஆள் எப்படி என்று கேட்டேன்.

"நல்லவன்தான்" என்றார். யோசித்தார். "எனக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது."

காபியைப் பாதியில் வைத்தேன். சலூனுக்குப் போனேன். முடி வெட்டத் தேவையில்லாத தலை என்னுடையது, இருந்தாலும் உட்கார்ந்தேன். முடி வெட்டிய அம்மாள் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஓலாவ் வருஷத்துக்கு ஒருமுறை நுனி மட்டும் வெட்டிக்கொள்வான். நல்ல முடி. ஆளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது."

ஒரே நாளில் இரண்டு பேர், அதே வார்த்தை. தாராபுரத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் ஓலாவின் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அவன் இருப்பது பழைய மரவீடு ஒன்றின் பாதியில். மறுபாதியில் இருப்பவர் பெரித். ஐம்பது வயதுக்காரர், டவுன் பஸ் ஓட்டுகிறார். எங்கள் ஊரில் டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியாத குடும்ப விஷயம் கிடையாது. இங்கே கண்டக்டரே கிடையாது, டிரைவரை நெருங்கி நின்றேன். அவர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். ஓடும்போது டிரைவரோடு பேசக் கூடாது என்று படம் போட்டிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் பேசலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் கதவைத் திறந்தார், யாரும் ஏறவில்லை, கதவை மூடிவிட்டுத் திருப்பினார். இரண்டு முறை ஊரைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அவரே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்கள் எங்கே இறங்க வேண்டும்?" என்று கேட்டார். ஓலாவைப் பற்றி அறிய வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக விசாரணையில் உளறினேன்.

பெரித் அடுத்த சிக்னல் வரை பஸ்ஸை ஓட்டினார். சிவப்பு விழுந்ததும், "அவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது" என்றார். பச்சை விழுந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து சரசுவுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மேகலா வேலை முடிந்து வந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"ஆரு என்ன சொன்னாங்க மாமா?"

"நமக்கு அவ்வளவா பழக்கமில்லைங்கறாங்க கண்ணு. மூணு பேரும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "இங்க எல்லாரும் அப்படித்தானுங்க மாமா. நாலு வருஷமா ஒரே ஆபீஸ்ல இருக்கறேன், என்னையக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க." அவள் அம்மாவும் கல்யாணத்துக்கு முன் இப்படித்தான் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் ஓலாவ் மேகலாவின் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஆறரை அடி. கரி இல்லாத முகம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தது. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தான். நான் அரிசிம்பருப்பு சாதம் செய்து, எண்ணெயை வெட்டிப் போட்டிருந்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், என் தட்டையும் சேர்த்துக் கழுவினான். பேசியது மொத்தமே பத்து வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று இது: "பெட்ரோல் பங்க்கில் சொன்னார்கள், நீங்கள் என்னைப் பற்றிக் கேட்டதாக. வருமானவரிக்காரரோ என்று பயந்திருக்கிறார்கள். இன்னும் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் நம்பர் தருகிறேன்."

தன்னை விசாரிக்கத் தானே உதவுகிற மாப்பிள்ளையை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்கள் முறையில் இல்லை. குரல் அத்தனை மென்மையாக இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தன்மையாகப் பேசுகிற மாப்பிள்ளையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. படகுத்துறைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் மத்தியானக் கச்சேரி. கம்பளிப் போர்வையும் இடுப்பில் கொம்புக் குவளையுமாக ஐந்நூறு பேர். கைக்குழந்தைகளுக்குக்கூடக் காதில் பெரிய அடைப்பான் மாட்டி, தோளில் வைத்திருந்தார்கள். பனியன் விற்கிற மேசையில் ஓலாவின் குழுப் பனியன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துத் தையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லேபிளும் திருப்பூர் என்றே சொன்னது. ஒன்று வாங்கி மேலே போட்டுக்கொண்டேன். மண்டை ஓட்டுக்கு நடுவில் கோடாலி.

ஓலாவ் கரி பூசிக்கொண்டு வந்தான். முதலில் முதல் வகை. ஒருவர் மடியில் நிறுத்தி வில்லால் இழுத்த வாத்தியத்துக்குக் குதிரைவால் மயிர்தான் நரம்பாம். தோல் மேளம் விழுந்தது, கொம்பு ஊதியது, ஐந்நூறு பேரும் 'ஓ' என்று இழுத்தார்கள். பட்டறையில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நெஞ்செலும்புக்குள் போய் உட்கார்ந்தது. கண் கலங்கியது. மழை என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குப் பார்த்து மழையும் இல்லை.

பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று மேகலாவிடம் கேட்டேன்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியத் தள்ளிப் போட்டுட்டானாமுங்க மாமா. அதுல சண்ட வந்து ரெண்டு தலமுறை செத்துப்போச்சாம். ஆயிரம் வருசத்துக்கு முந்துனது."

வரப்புத் தகராறு. எங்கள் பக்கம் அதற்கு வக்கீல் வைப்போம், இவர்கள் பாட்டு கட்டி ஆளுக்கொரு வாத்தியம் வைத்திருக்கிறார்கள். ஓலாவின் மேல் முதல் தடவையாக எனக்கு மரியாதை வந்தது.

அப்புறம் பவர் பிரஸ் ஓட ஆரம்பித்தது. ஓலாவ் கத்தினான். அது கத்தல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நேரில் கேட்டபோது எனக்கு உறுமிதான் ஞாபகம் வந்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து இழுப்பார்களே, அந்தச் சத்தம் மனிதத் தொண்டையில் வந்தது. கூட்டம் தரையில் வரிசையாக உட்கார்ந்து இல்லாத படகுக்குத் துடுப்புப் போட்டது. நானும் உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். வெகுநேரம் போட்டும் எங்கேயும் போகவில்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்து வட்டமாக ஓடினார்கள், இடித்துக்கொண்டு, முட்டிக்கொண்டு. எங்கள் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவதுதான், நடுவில் கம்பத்தை மட்டும் காணோம். இருபது வயதில் நான் விடியவிடியக் கம்பம் ஆடியவன். கால் தானாகப் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் விழுந்தேன்.

விழுந்த அந்த நொடியில் சுற்றிலும் ஓட்டம் நின்றது. நாலு கைகள் என்னைத் தூக்கி நிறுத்தின. ஒருவன் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான். முழங்கை வரை பச்சை குத்தி, மூக்கில் வளையம் போட்ட ஒரு மலைமாடு என் ஒற்றைச் செருப்பைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, யாருடையது என்று நாலு பக்கமும் காட்டிக்கொண்டு நின்றான். மேடையில் ஓலாவ் கத்துவதை நிறுத்திவிட்டு, அந்த மென்மையான குரலில் மைக்கில் கேட்டான்: "மாமா, நன்றாக இருக்கிறீர்களா?" 'மாமா' என்பதைத் தமிழிலேயே சொன்னான். நான் கை காட்டினேன். செருப்பு வந்து சேர்ந்தது. மறுபடி கத்தினான்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றேன். வெளியில் போடுகிற சத்தத்தை வைத்து ஆளைக் கணக்கிட முடியாது என்று தெரிந்தபோதுதான் தாராபுரத்தில் நான் செய்த தப்பு எனக்கு முழுசாக விளங்கியது. டீக்கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்காதது பாதித் தப்புதான். மச்சான் வீட்டுக்கு அடுத்த வீட்டில், சுவரை ஒட்டி ஒரு குடும்பம் இருந்தது. அவர்களிடம் நான் போகவே இல்லை. ஆள் எப்படி என்று ஊரெல்லாம் கேட்டேனே தவிர, சுவர் வழியாக என்ன கேட்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்த ஊரிலும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரித் வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓடவில்லை, தலைக்கு மேலே பலகை இல்லை. நான் யார், எதற்கு வந்தேன், என் தங்கைக்கு என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் முறைப்படி இது பெரிய குற்றம். பிறகு கேட்டேன்: "அவன் வீட்டிலிருந்து உங்களுக்கு என்ன கேட்கும்?"

பெரித் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார்.

"அன்றைக்கு நீங்கள் கேட்டது அவனைத் தெரியுமா என்று. நான் அவனோடு ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை, தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? இது வேறு கேள்வி. ஐந்து வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். தும்மினால் கேட்கும். காலையில் காபிக்கொட்டை அரைப்பான். வாத்தியத்துக்கு நரம்பு கட்டுவான். உங்கள் பெண் வர ஆரம்பித்த பிறகு இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். ஒரே ஒரு தடவை பெரிய கத்தல் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மேளத்தைக் கால் மேல் தவறவிட்டிருந்தான். மறுநாள் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்தான்."

"சண்டைகூட இல்லையா?"

"உண்டு. துணி உலர்த்துவதைப் பற்றி. உங்கள் பெண் ஜெயித்தாள்." பெரித் என் பனியனைப் பார்த்தார். "அவன் மேடையில் கத்துவதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் அதிகம்தான். அங்கேயே முடித்துவிட்டு வருகிறான் என்று நினைக்கிறேன்."

எங்கள் ஊர்க் கணக்கில் அது அரை மணி நேரப் பேச்சு. நான் படகுத்துறை பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். சூரியன் ஐந்து நாள் கழித்து எட்டிப் பார்த்தது. சரசுவுக்கு ஃபோன் போட்டேன். காங்கேயத்தில் அப்போது சாயங்காலம். களத்தில் உலரப்போட்ட தேங்காய்ப் பருப்பை முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தாள், பின்னால் காக்கைகள் கரைந்தன.

"விசாரிச்சீங்களாங்ணா?"

"விசாரிச்சேன் அம்மணி."

"பையன் எப்படி?"

"கத்துவான்."

பருப்பு அள்ளுகிற சத்தம் நின்றது. காக்கைகள் மட்டும் கேட்டன.

"ஊட்டுக்குள்ளயாங்ணா?"

"இல்ல. வெளியில மட்டுந்தான்."

"அது ஆரு சொன்னாங்க?"

"பக்கத்துச் செவுத்துக்காரம்மா."

தாராபுரத்து வீட்டுக்கும் ஒரு பக்கத்துச் சுவர் இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, முறம் மறுபடி தரையில் உரசுவதும் கேட்டது.

"அப்பக் கத்தட்டுமுங்ணா" என்றாள்.